மேடை விளக்கை அணைத்துவிட்டு நோட்டைப் பார்த்து வாசித்த ரிக்டர்: மறதியா, கொள்கையா?

இரவுக்கேள்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பியானோ கலைஞர் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டரின் பதிவுகளைக் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாகத்தான் வரிசையாகக் கேட்டு வருகிறேன். முதலில் கையில் கிடைத்தது, 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் அவர் நிகழ்த்திய தனிக் கச்சேரியின் ஒலிப்பதிவு. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் சில ஓவியங்கள்' என்ற படைப்பை அவர் அங்கே வாசிக்கிறார். அங்கங்கே கட்டை தவறுகிறது, அரங்கத்தில் இருமல் ஓயவில்லை. இருந்தும் இரண்டு கைகளும் பத்து விரல்களும் மட்டுமே உள்ள ஒரு மனிதரிடமிருந்து இத்தனை ஒலி எப்படிப் புறப்படுகிறது என்று திகைத்துப்போய் அன்றிரவே மூன்று முறை கேட்டேன்.

அண்மையில் அவருடைய முதுமைக் காலத்துக் கச்சேரி ஒன்றின் ஒளிப்பதிவைப் பார்க்க நேர்ந்தது. அரங்கம் முழுக்க இருட்டு. பியானோவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சிறு விளக்கு, அதன் வெளிச்சம் விழும் இடத்தில் இசைக்குறிப்பு நோட்டு, அருகே பக்கம் புரட்டுவதற்காக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். ரிக்டர் கண்ணாடி அணிந்துகொண்டு, பள்ளி மாணவரைப் போல நோட்டைப் பார்த்தே வாசிக்கிறார். அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

கர்நாடகக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். மேடையில் வித்வான் தாளைப் புரட்டினாலே பின்வரிசையில் முணுமுணுப்பு எழும் பழக்கத்தில் ஊறியவனுக்கு இந்தக் காட்சி உறுத்தலாக இருந்தது. மேற்கத்திய இசையிலும் தனிக் கச்சேரி செய்யும் பியானோ கலைஞர்கள் மனப்பாடமாகவே வாசிக்கிறார்கள் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். ஆகவே என் கேள்வி இதுதான்: ரிக்டருக்கு வயதாகி நினைவு கைவிட்டதா, அல்லது இது அவர் விரும்பி எடுத்த முடிவா? நினைவு கைவிட்டது என்றால் இருட்டு எதற்காக? அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டும் உண்மை என்பதுதான் என் விடை. ஆனால் முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும்.

மனப்பாடமாக வாசிப்பது மேற்கத்திய இசையில் தொன்மையான மரபு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிறர் இயற்றிய படைப்பை நோட்டு இல்லாமல் மேடையில் வாசிப்பது அகந்தை என்றே பலரால் கருதப்பட்டது. 1837இல் பெர்லினில் இளம் பியானோ கலைஞர் க்ளாரா வீக் (பின்னாளில் க்ளாரா ஷூமன் ஆனவர்) பீத்தோவனின் சொனாட்டாவை, அதாவது பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்பை, மனப்பாடமாக வாசித்தபோது, பெட்டினா ஃபொன் ஆர்னிம் என்ற எழுத்தாளர் அதை ஆணவம் என்று பழித்தார். க்ளாராவும் பியானோ கலைஞர் லிஸ்டும் தொடங்கிவைத்த வழக்கம் அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் எழுதப்படாத சட்டமாக இறுகிப்போயிற்று. ஆகவே ரிக்டர் நோட்டை முன்னால் வைத்துக்கொண்டபோது, உண்மையில் பழைய வழக்கத்துக்குத்தான் திரும்பினார்.

இனி அவருடைய காதுக்கு வருவோம். எந்தச் சுரத்தைக் கேட்டாலும் ஆதார சுருதியின் துணையில்லாமலே அதன் பெயரைச் சொல்லிவிடும் காது அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. இப்படிப்பட்டவர்கள் பலருக்கு, மனப்பாடமும் அந்தக் காதை நம்பியே நிற்கிறது. விரல் அடுத்து எந்தக் கட்டைக்குப் போக வேண்டும் என்பதை உள்ளே ஒலிக்கும் சுரமே சொல்லிக்கொடுக்கிறது. முதுமையை நெருங்கும் காலத்தில் ரிக்டருக்கு அந்தக் காது புரண்டது. எல்லாச் சுரங்களும் எழுதப்பட்டிருப்பதைவிட ஒரு முழுச் சுரம் உயர்ந்து கேட்கத் தொடங்கின. சி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சி மேஜரில் உள்ள படைப்பைக் கைகள் சி மேஜரிலேயே வாசிக்க, காதில் விழுவதோ டி மேஜர். இதைச் சாதாரணக் காதுடைய நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவே மாட்டோம். அவருக்கோ விரலும் செவியும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருந்தன. காதின் பேச்சைக் கேட்டு விரல் தடம் மாறிவிடும் ஆபத்து ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

பிரெஞ்சு இயக்குநர் புரூனோ மொன்சேன்ஜோன் எடுத்த ஆவணப்படத்தில் ரிக்டரே இதைப் பற்றித் துயரத்தோடு பேசுகிறார். அது 1998இல், அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தது. அதில் அவருடைய முகத்தைப் பார்த்தவர்கள் 'மறதி' என்ற ஒற்றைச் சொல்லால் இதை முடித்துவிட மாட்டார்கள். உங்கள் உறுத்தலில் குற்றமில்லை. ஆனால் அவர் இழந்தது நினைவாற்றலை அன்று, நினைவு ஊன்றி நின்ற தரையை.

ஒத்திகை அறை எழுதியது:

மேலே நண்பர் சொன்ன காதுக்கோளாறு மெய்தான். ஆனால் அதை மட்டுமே காரணமாகக் காட்டினால், நோட்டு என்பது ரிக்டரின் வாழ்க்கையில் முதுமையில் வந்து சேர்ந்த ஊன்றுகோல் என்ற எண்ணம் உண்டாகிவிடும். அவர் இசைக்குள் நுழைந்ததே நோட்டின் வழியாகத்தான். அதற்கு அவருடைய இளமையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் 1915 மார்ச் 20 அன்று இன்றைய உக்ரைனில் உள்ள ஷித்தோமிர் நகரில் பிறந்தார். வளர்ந்தது கருங்கடலோரத் துறைமுகமான ஒதெஸ்ஸாவில். தந்தை தெயோஃபில் ரிக்டர் ஜெர்மானிய வம்சாவளியினர், வியன்னாவில் பயின்றவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியில் ஆசிரியர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளையை நான்கு வயதிலேயே பியானோ முன் உட்கார்த்தி, சுரவரிசைப் பயிற்சியில் வாட்டியெடுத்திருப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்ததோ நேர்மாறானது. பையன் பயிற்சிகளை வாசிக்க மறுத்துவிட்டான். வீட்டிலிருந்த ஆப்பெரா (இசை நாடக) நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, வாக்னரையும் வெர்தியையும் தனக்குத் தெரிந்த மட்டில் பியானோவில் வாசித்துப் பார்த்தான். ஆக, ஏறத்தாழத் தானே கற்றவர் என்று அவரைச் சொல்வதில் மிகையில்லை.

பதின்ம வயதிலேயே அவர் சம்பாதிக்கத் தொடங்கினார். ஒதெஸ்ஸா ஆப்பெராவில் அவருக்குக் கிடைத்தது ஒத்திகைப் பியானோ வாசிப்பவரின் வேலை. ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் ஒத்திகைக்கு அழைக்க இயலாத நாட்களில், அதன் இசை முழுவதையும் ஒற்றைப் பியானோவில் வாசித்துப் பாடகர்களையும் நடனக்காரர்களையும் தயார் செய்ய வேண்டும். இருபது வாத்தியங்களுக்கு எழுதப்பட்ட வரிகளை ஒரே பார்வையில் அள்ளிப் பத்து விரல்களுக்குள் அடக்கும் வேலை அது. அங்கே யாரும் மனப்பாடத்தைக் கேட்பதில்லை, பக்கத்தை எவ்வளவு விரைவாகவும் உண்மையாகவும் படிக்கிறாய் என்பதே கேள்வி. பின்னாளில் அவர் பியானோவிலிருந்து கொம்பும் தாரையும் முரசும் எழும்ப வைத்ததற்கு, சோஃபியாவில் நீங்கள் கேட்ட அந்த ஒலி உட்பட, இந்த ஒத்திகை அறைதான் பாடசாலை என்பது என் துணிபு.

அவருடைய முதல் தனிக் கச்சேரி 1934இல் ஒதெஸ்ஸாவின் பொறியாளர் மன்றத்தில் நடந்தது, முழுக்க இசையமைப்பாளர் ஷோப்பானின் படைப்புகள். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. 1937இல், அதாவது இருபத்திரண்டு வயதில், மாஸ்கோ கன்சர்வேட்டரிக்குச் சென்று அங்கே பியானோ ஆசிரியராக இருந்த ஹைன்ரிக் நெய்ஹவுஸ் முன்னால் வாசித்துக் காட்டினார். கச்சேரிக் கலைஞர்கள் படிப்பை முடித்து வெளியேறும் வயது அது. நெய்ஹவுஸ் பக்கத்திலிருந்த மாணவியிடம் இவன் மேதை என்று முணுமுணுத்ததாகச் சொல்லப்படுவது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வந்த கூத்து: கட்டாய அரசியல் பாடங்களுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்த இந்த மேதையைக் கன்சர்வேட்டரி வெளியேற்றியது; அவர் ஒதெஸ்ஸாவுக்குத் திரும்பிவிட்டார்; நெய்ஹவுஸ் கடிதம் எழுதி வரவழைத்தார். மாஸ்கோவில் தங்க இடமில்லாமல் ஆசிரியர் வீட்டிலேயே, பியானோவுக்கு அடியில் படுத்துறங்கிய நாட்களும் உண்டு. முறையான பட்டம் அவர் கைக்கு வந்தது 1947இல். அதற்குள் அவர் நாடறிந்த கலைஞர்.

நோட்டைப் படிக்கும் வேகத்துக்கு ஒரே ஒரு சான்று தருகிறேன். சோவியத் இசையமைப்பாளர் ப்ரொகோஃபியேவின் ஏழாவது சொனாட்டாவை 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேற்றியவர் ரிக்டர். கையெழுத்துப் பிரதி கைக்கு வந்து நான்கே நாட்களில் அதைக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் கடைசிப் பகுதி ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் இயந்திரம் போல ஓடக்கூடியது. நல்ல கலைஞர்கள் மாதக்கணக்கில் உழைக்கிற பகுதி. ப்ரொகோஃபியேவ் தம் ஒன்பதாவது சொனாட்டாவை ரிக்டருக்கே காணிக்கையாக்கினார்.

அந்த அரங்கேற்றத்தின்போது ரிக்டரின் சொந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பின்னால் பயன்படும். 1941 அக்டோபரில், எதிரிப் படைகள் ஒதெஸ்ஸாவுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னர், அவருடைய தந்தையை உளவாளி என்று குற்றம் சாட்டிச் சோவியத் அதிகாரிகளே சுட்டுக் கொன்றிருந்தார்கள். தாய் வேறொருவரோடு ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகன் அவரை மறுபடி பார்க்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மேடையில் தன் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று ஒரு மனிதர் எண்ணுவதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு. இது என் ஊகமே.

மூன்றாம் வரிசை எழுதியது:

'ஒத்திகை அறை' அவர்களின் கடைசி ஊகத்தை நான் ஏற்கவில்லை. தந்தை கொல்லப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ரிக்டர் வெளிச்சத்தில்தான் வாசித்தார். இருட்டு வந்தது எண்பதுகளை ஒட்டி. ஆகவே காரணத்தை அவருடைய தொழில்வாழ்க்கையின் போக்கில்தான் தேட வேண்டும்.

சோவியத் அரசு அவரை மேற்கு நாடுகளுக்கு விட்டது 1960இல்தான். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. மற்றொரு சோவியத் பியானோ கலைஞரான எமில் கிலெல்ஸ் அவருக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அமெரிக்கா சென்று வந்திருந்தார். ஆக, ரிக்டர் அங்கே போவதற்கு முன்பே அவருடைய பெயர் போய், ஒரு புராணமாகக் காத்திருந்தது. 1960 அக்டோபர் 15 அன்று சிகாகோவில் பிராம்ஸின் இரண்டாவது கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு). பின்னர் கார்னகி ஹாலில் அடுத்தடுத்துத் தனிக் கச்சேரிகள். கூட்டம் அலைமோதியது. அந்தப் பயணத்தில் பதிவான பிராம்ஸ் இசைத்தட்டை உலகமே கொண்டாடியது. ரிக்டரோ அதைத் தம் மிக மோசமான பதிவுகளில் ஒன்று என்று சொன்னார்.

அவருக்குக் கச்சேரியில் பிடிக்காதது மக்களை அன்று, ஏற்பாட்டைத்தான். மூன்றாண்டுகள் கழித்து இன்ன தேதியில், இன்ன நகரில், இன்ன சொனாட்டா என்று இப்போதே கையெழுத்திட வேண்டிய தொழில்முறை அவருக்கு ஒவ்வாதது. விமானப் பயணமும் பிடிக்காது. அமெரிக்காவுக்கு 1970க்குப் பிறகு அவர் போகவே இல்லை. மாறாக, 1964இல் பிரான்சின் தூர் நகருக்கு அருகே பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தானியக் களஞ்சியத்தை, மெஸ்லே என்ற பண்ணையில் இருப்பதை, கண்டு மயங்கி அங்கே ஓர் இசைவிழாவைத் தொடங்கினார். 1981 முதல் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கு நடுவே 'டிசம்பர் மாலைகள்' நடந்தன. 1986இல் காரிலேயே சைபீரியாவைக் கடந்து, ஏறத்தாழ ஆறு மாதங்கள், ஒழுங்கான அரங்கமே இல்லாத சிற்றூர்களிலெல்லாம் வாசித்துக்கொண்டு போனார். உலகின் எந்தப் பெரிய அரங்கமும் கதவைத் திறந்து காத்திருக்கும் எழுபத்தொரு வயதுக் கலைஞர், இன்று மாலை வாசிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

விளக்கை அணைத்ததும் இதே மனப்போக்கின் கடைசிப் படி என்பேன். அவர் சொன்ன காரணம் நேரடியானது: வாசிப்பவரின் முகச்சுளிப்பையும் கையசைவையும் பார்த்துக்கொண்டிருந்தால் மக்கள் இசையைக் கேட்க மாட்டார்கள். நோட்டு விஷயத்திலும் அப்படியே. பல நூறு பக்கங்களை மூளையில் திணிப்பதில் நேரத்தைச் செலவிடுவதைவிட, எழுதியவர் எழுதியதை நேர்மையாகப் படித்து வாசிப்பதே மேல் என்றார். இளமையிலேயே இதைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று வருந்தவும் செய்தார்.

இங்கே ஓர் ஒப்பீடு பொருந்தும். கனடியப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1957இல் மாஸ்கோவில் ரிக்டர் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவை வாசிக்கக் கேட்டார். ஷூபர்ட்டின் நீண்ட சொனாட்டாக்களில் பொறுமை இல்லாத கூல்ட், அன்று மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்ததாகப் பின்னர் விவரித்தார். அதே கூல்ட் ஏழாண்டுகளில், 1964இல், முப்பத்தோரு வயதில் மேடையை விட்டே விலகி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுந்துகொண்டார். கச்சேரி மேடை என்பது சர்க்கஸ் கூடாரமாகிவிட்டது என்ற எரிச்சல் இருவருக்கும் பொது. கூல்ட் மக்களை வெளியேற்றினார். ரிக்டர் மக்களை வைத்துக்கொண்டு வெளிச்சத்தை வெளியேற்றினார்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த இருட்டு முழுக்க அடக்கத்தின் விளைவு என்று என்னால் நம்ப முடியவில்லை. கும்மிருட்டில் ஒற்றை விளக்கின் கீழ் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தால், கண் அவரை விட்டு எங்கே போகும்? வாசிப்பவரை மறைக்கக் கொண்டுவந்த இருள், அவரைச் சுற்றி ஒரு கர்ப்பகிருகத்தைக் கட்டிவிட்டது. ரிக்டர் இதை அறியாதவராக இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஒதெஸ்ஸா ஆப்பெராவில் வளர்ந்த மனிதருக்கு மேடை வெளிச்சத்தின் சூட்சுமம் தெரியாதா என்ன?

வெள்ளைக்கட்டை எழுதியது:

நான் பியானோ கற்பிப்பவள். வரலாற்றில் உங்களோடு போட்டியிட மாட்டேன். நோட்டைப் பார்த்து வாசிப்பது எளிய வழி என்ற எண்ணம் இந்த உரையாடலின் அடியில் ஓடுவதால், கை வேலை பற்றி மட்டும் சில சொற்கள்.

கடினமான படைப்பு ஒன்றை நோட்டு வைத்து வாசிப்பது பல இடங்களில் மனப்பாடமாக வாசிப்பதைவிடக் கடினம். கை இரண்டு எட்டுக்கட்டை தூரம் தாவ வேண்டிய இடத்தில் கண் கீழே கட்டையைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் விட்ட வரி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆகவே நோட்டோடு மேடையேறுபவர், எந்த இடத்தில் நிமிர்வது, எந்த இடத்தில் குனிவது என்பதையும் தனியாகப் பயிற்சி செய்கிறார். பக்கம் புரட்டுபவர் ஒரு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் எல்லாம் குலையும். என் மாணவர்களிடம் நோட்டை வைத்துக்கொள் என்று சொன்னால் முதலில் மகிழ்ந்து, பின்னர் முழிப்பார்கள்.

ரிக்டருடைய கை பெரியது. பன்னிரண்டு வெள்ளைக் கட்டைகளை ஒரே விரிப்பில் எட்டுவார் என்பார்கள். அப்படிப்பட்ட கைக்குத் தாவல் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், ஆனாலும் அது சலுகை அன்று.

இன்னொன்று: நோட்டின் மேல் அவருக்கிருந்த பற்று முதுமையில் முளைத்தது அன்று என்பதற்கு, 'ஒத்திகை அறை' அவர்கள் சொன்னதைத் தவிர, எவரும் காதாலேயே சோதிக்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. சொனாட்டாவின் முதல் பகுதியில், தொடக்கப் பாதி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கும்படி இரட்டைக் கோடும் இரண்டு புள்ளியும் இட்டிருப்பார்கள். பெரும்பாலான கலைஞர்கள், நேரம் நீள்கிறதென்று, அதைத் தாண்டிப் போய்விடுவது வழக்கமாக இருந்தது. ரிக்டர் தாண்ட மாட்டார். தாண்டுபவர்கள் மேல் கோபமும் கொள்வார். ஷூபர்ட்டின் பி பிளாட் மேஜர் சொனாட்டாவில் (கூல்ட் மாஸ்கோவில் கேட்டது இதைத்தான்) அந்தத் திருப்பத்துக்கென்றே ஷூபர்ட் எழுதிய சில அடிகள் உள்ளன. தாண்டினால் அவை ஒலிக்காமலே போய்விடும். ரிக்டர் அதையும் சேர்த்து, மிக மெதுவான காலப்பிரமாணத்தில் வாசிப்பதால் முதல் பகுதி மட்டுமே இருபத்துநான்கு நிமிடங்களை ஒட்டி வருகிறது. இதெல்லாம் நோட்டை முன்னால் வைக்காமல் மனப்பாடமாக வாசித்த காலத்திலேயே. எனவே தாள் எதிரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று எனக்குப் படுகிறது.

இரவுக்கேள்வி எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. 'பழைய இசைத்தட்டு' அவர்கள் காதைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அந்த ஒளிப்பதிவை மறுபடி பார்த்தேன். உறுத்தல் போய், ஒருவித அச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. தாம் வாசிக்கும் சுரத்துக்கும் தம் காதில் விழும் சுரத்துக்கும் பொருத்தமில்லாமல் ஒருவர் மேடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

இரண்டு துணைக்கேள்விகள். இவ்வளவு துன்பம் இருந்தும் அவர் எப்போது நிறுத்தினார்? மனப்பாடக் காலத்தையும் நோட்டுக் காலத்தையும் ஒப்பிட்டுக் கேட்பதற்கு எந்தப் பதிவுகள் பொருத்தமானவை?

பழைய இசைத்தட்டு எழுதியது:

நிறுத்தினார் என்று சொல்வது கடினம். கடைசியாக மக்கள் முன் வாசித்தது 1995 மார்ச் 30 அன்று, ஜெர்மனியின் லூபெக் நகரில். எண்பதாவது பிறந்தநாள் கழிந்து பத்து நாட்களில். ஹைடன் சொனாட்டாக்களும், பியானோ கலைஞர் ஆந்திரியாஸ் லூசெவிச்சோடு சேர்ந்து இரண்டு பியானோக்களில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரேகரின் ஒரு படைப்பும். அதன் பிறகு உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் மாரடைப்பால் காலமானார். விடைபெறும் கச்சேரி என்று ஒன்றை அவர் அறிவித்ததே இல்லை. இறப்பதற்குச் சில நாட்கள் முன்புகூட, அதுவரை தாம் மேடையில் வாசித்திராத ஷூபர்ட் படைப்பு ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஒப்பிட்டுக் கேட்கப் பீத்தோவனின் 'அப்பாசியோனாட்டா' சொனாட்டாவைப் பரிந்துரைக்கிறேன். 1960இல் நியூயார்க்கில் பதிவு செய்தது ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நோட்டும் சிறுவிளக்குமாக வாசித்தது மற்றொன்று. முதலாவதில் கடைசிப் பகுதியின் முடிவில் அவர் எடுக்கும் வேகம் மனிதரால் ஆகிற காரியமா என்று தோன்றும். இரண்டாவதில் அந்த வேகம் கிடையாது. ஆனால் இடது கையின் உள்வரிகள், முன்பு வேகத்தில் கரைந்துபோனவை, தனித்தனியாகக் கேட்கும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. 'மூன்றாம் வரிசை' நண்பர் இரண்டாவதைச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளிலும் இப்படி ஒரு சோதனை செய்யலாம். 1970க்கும் 1973க்கும் இடையில் சால்ஸ்பர்க்கில் பதிவான நாற்பத்தெட்டு பிரிலூடுகளும் ஃபியூகுகளும் (முன்னிசையும் அதைத் தொடரும் பலகுரல் இசையும்) ஒருபுறம். 1991இல் ஜெர்மனியின் ரோலாண்ட்ஸெக்கில் நோட்டு வைத்து வாசித்த பாக்கின் தொகுப்புகள் மறுபுறம். சால்ஸ்பர்க் பதிவில் எதிரொலி மிகுதி, பியானோ ஏதோ அரண்மனைக் கூடத்தின் மறுகோடியிலிருந்து வருவது போல இருக்கும். பிந்தையதில் பியானோ நம் அருகிலேயே இருக்கிறது. கட்டையை அழுத்தும் விரலின் வறண்ட தெளிவுகூடக் கேட்கிறது.

மூன்றாம் வரிசை எழுதியது:

எதிர்பார்ப்பு வீண்போகவில்லை; இரண்டாவதுதான். 1960ஆம் ஆண்டின் வேகம் எனக்கு, வெளிச்சம் முழுவதும் எரியும் அரங்கத்தில் வாசிக்கும் ஒருவரின் வேகமாகவே கேட்கிறது.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு சிறு யோசனை: ரோலாண்ட்ஸெக் பதிவுகளை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சோஃபியா பதிவை மட்டும் அப்படிக் கேட்க வேண்டாம். இருட்டில் அந்த இருமல்கள் இன்னும் பெரிதாகக் கேட்கும்.